நீண்ட காலம் நின்ற பிக்கப் வண்டியை மீண்டும் ஓட வைத்தல்

நீண்ட காலம் நின்ற பிக்கப் வண்டியை மீண்டும் ஓட வைத்தல் என்பது, பல மாதங்களோ பல ஆண்டுகளோ ஓடாமல் நின்ற சிறு சரக்கு வண்டியைச் சோதித்து, கெட்டவற்றை மாற்றி, சுமையுடன் நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும், அரிசி ஆலை வளாகத்திலும், தோப்பு மரத்தடியிலும் இத்தகைய வண்டிகளைக் காணலாம். உரிமையாளர் இறந்தது, தொழில் நொடித்தது, ஒரு பெரிய செலவைத் தள்ளிப்போட்டது என நின்றதற்குக் காரணங்கள் பல. மறுபடி ஓட வைக்க நினைப்பவருக்கு அது பெரும்பாலும் பிழைப்புக்கான வண்டி.

இக்கட்டுரை, கணினிக் கட்டுப்பாடு இல்லாத, இயந்திர வகை டீசல் பம்ப் பொருத்திய பழைய இந்திய பிக்கப் வண்டிகளைப் பற்றியது. டெல்கோ நிறுவனம் 1988-இல் வெளியிட்ட டாட்டா மொபைல் 206, அதன் பின்வந்த 207, மகிந்திராவின் பழைய பிக்கப் வண்டிகள் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றை மடிக்கணினி இல்லாமலேயே ஊர் மெக்கானிக் ஒருவரால் சீர்செய்ய முடியும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆவதையே பலரும் வெற்றியாகக் கருதுகின்றனர். ஸ்டார்ட் ஆகாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. ஸ்டார்ட் ஆகி, நிற்க மறுக்கும் வண்டிதான் ஆபத்தானது. எனவே இப்பணியின் அடிப்படை விதி ஒன்றுதான்: வண்டி நகர்வதற்கு முன், அதை நிறுத்தும் வழிகள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

நின்ற வண்டியில் நடக்கும் மாற்றங்கள்

ஓடும் வண்டி தேய்கிறது. நிற்கும் வண்டி அரிக்கப்படுகிறது. ஓடாததால் தேயவில்லை, ஆகவே நன்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தவறானது. நிற்கும்போது நடக்கும் மாற்றங்கள் பின்வருமாறு:

டீசல்: பாதி காலியான டேங்க் பகலில் சூடாகி, இரவில் குளிர்கிறது. குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் நீராகி அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் பரப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து கரிய வழுவழுப்பான படலத்தை உண்டாக்குகின்றன. பழைய டீசல் காற்றுடன் வினைபுரிந்து பிசினாகவும் மாறுகிறது.

பேட்டரி: ஈய-அமில பேட்டரி பயன்படுத்தாவிட்டாலும் தானாக மின்னிறக்கம் அடைகிறது. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது.

பிரேக் ஆயில்: இது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஈர்த்த நீர், வீல் சிலிண்டர்களையும் இரும்புக் குழாய்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது.

ரப்பர்: ஹோஸ், பெல்ட், டயர், சீல் ஆகியவை காலத்தாலும் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கின்றன.

எஞ்சின்: சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துவிடுகிறது. திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வு வழியாக ஈரக்காற்று புகுந்து பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு துருவால் ஒட்டிவிடலாம்.

இவற்றோடு எலியும் சேர்ந்துகொள்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டுவதும் ஒயரைக் கடிப்பதும் நின்ற வண்டிகளில் வழக்கமாகக் காணப்படுபவை.

செலவு செய்யும் முன்: தகுதி பார்த்தல்

உதிரி பாகம் வாங்கத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, சேஸிஸ் உறுதியாக உள்ளதா? பின்பட்டைகள் பொருத்தப்பட்டுள்ள இடங்கள், ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடம், குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலித்துச் செதிலாக உதிரும். பாடியில் உள்ள ஓட்டையை அடைத்துவிடலாம். சேஸிஸ் அரித்த சரக்கு வண்டிக்குப் பணம் செலவிடுவது வீண்.

இரண்டாவது, எஞ்சின் சுற்றுகிறதா? இதை அறியும் முறை பின்னர் விளக்கப்படுகிறது.

மூன்றாவது, ஆவணங்கள் மீட்கக்கூடியவையா? ஆர்.சி. யார் பெயரில் உள்ளது, கடன் பதிவு நீக்கப்பட்டுள்ளதா, வரி நிலுவை எவ்வளவு என்பவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ அறியலாம். நின்ற காலத்துக்கும் வரி நிலுவை சேர்ந்திருக்கக்கூடும். எஞ்சினைச் சீர்செய்த பிறகு இந்தத் தொகையைக் கண்டு திகைப்பதைவிட, முதலிலேயே அறிவது நல்லது.

மூன்றில் ஒன்று மோசமாக இருந்தால், வண்டியைக் கழித்துவிடுவதும் ஒரு முடிவே. 2021-இல் வந்த வாகனக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற கழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். புதிய வண்டி பதிவு செய்யும்போது அதைக் காட்டிச் சலுகை பெறலாம்.

எஞ்சினைக் கையால் சுற்றுதல்

நின்ற எஞ்சினை எடுத்தவுடன் செல்ஃப் மோட்டாரால் சுற்றக் கூடாது. முதலில் டிப்-ஸ்டிக்கை இழுத்து ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர் போல் இருந்தால் நீர் கலந்துள்ளது. அளவுக்கோட்டுக்கு மேல் ஏறி, டீசல் வாசனை அடித்தால் டீசல் இறங்கியுள்ளது. இரண்டில் எதுவாயினும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே செல்லக் கூடாது. ஆயில் நன்றாகத் தோன்றினாலும், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவதே முறை.

அடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு, சருகு, பூச்சிக் கூடு ஆகியவற்றை அகற்ற வேண்டும். உள்ளே கிடக்கும் ஒரு சிறு துண்டும் சிலிண்டருக்குள் போய்ச் சேரும்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடையின்றி வந்தால் நல்ல அறிகுறி. சுற்றவில்லை என்றால் நீண்ட குழாயை மாட்டிப் பலங்கொண்டு இழுக்கக் கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருவிளக்கும் எண்ணெய் சிறிதளவு ஊற்றி, சில நாள் ஊற விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. சிலிண்டருக்குள் நீர் தேங்கியிருந்தால் அது வெளியேற வழி கிடைக்கும். நீரை அமுக்க முடியாது. நீர் நின்ற சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கியரில் போட்டு, டிராக்டரால் இழுத்து எஞ்சினை விடுவிக்கும் பழக்கம் சில ஊர்களில் உள்ளது. ஒட்டிக்கொண்ட எஞ்சினுக்கு இதைவிடக் கேடான முறை வேறில்லை. ரிங்குகள் உடைவதும் வால்வுகள் வளைவதும் இதனால்தான்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், ஓடிய தூரம் குறைவாக இருப்பினும், வயதான பெல்ட்டை ஸ்டார்ட் செய்யும் முன்பே மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

டீசல் பாதை

நின்ற டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாமைக்கும், ஸ்டார்ட் ஆன பின் வழியில் நின்றுபோவதற்கும் முதன்மைக் காரணம் இதுவே. டீசல் பம்பின் உள்ளிருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையேயான இடைவெளி சில மைக்ரான்கள் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அவ்வளவு நுண்ணிய பொறிக்குள் பழைய டீசலையும் துருவையும் அனுப்புவது பம்பைக் கெடுப்பதற்கு ஒப்பாகும். பெங்களூரில் 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இத்தகைய பம்புகளை இந்தியாவில் தயாரித்தது. அதனால் பழைய மெக்கானிக்குகள் இவற்றை இன்றும் மைக்கோ பம்ப் என்றே சொல்வர். அந்நிறுவனம் இப்போது பாஷ் என்ற பெயரில் இயங்குகிறது.

செய்ய வேண்டிய வேலைகள் இவை:

1. டேங்கின் அடிப்பிளக்கைத் திறந்து டீசல் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கசடும் அடியில் தெளிவாகத் தெரியும்.

2. கசடு அதிகமென்றால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். புதிய டீசலைப் பழையதன்மேல் ஊற்றுவது பயனற்றது. வண்டி குலுங்கியதும் அடியில் படிந்தது கலங்கி ஃபில்டரை அடைக்கும்.

3. டீசல் ஃபில்டர்களையும், ரப்பர் டீசல் ஹோஸ்களையும், அவற்றின் கிளிப்புகளையும் புதிதாக மாற்ற வேண்டும்.

4. ஃபீட் பம்பிலுள்ள கை பம்பை அமுக்கி, முதலில் ஃபில்டர் தலையிலும், பிறகு டீசல் பம்பிலும் உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதுவே ஏர் எடுத்தல் எனப்படும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான குழாயில் டீசல் இழுக்கப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. எனவே அப்பகுதியில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே புகும். தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவும் இல்லை என்று எண்ணி, தினமும் காலையில் ஏர் எடுத்துக்கொண்டே பலர் மாதக்கணக்கில் அவதிப்படுவதுண்டு. ஃபில்டருக்கு முன்னால் சிறிது தூரம் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால், ஓடும் குமிழிகளைக் கண்ணால் காணலாம்.

இன்னொன்று, 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் விற்கப்படுகிறது. இதில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே; அதற்கு முந்தைய பாரத் ஸ்டேஜ் 4 டீசலில் அது 50. பழைய டீசலில் ஊறிப் பழகிய வயதான ரப்பர் சீல்கள், சேர்மானம் மாறிய டீசல் பட்டதும் சுருங்கிக் கசியலாம். மீட்ட வண்டியில் சில வாரங்களில் பம்ப் சீல் கசியத் தொடங்கினால் இதையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

இன்ஜெக்டர்களைக் கழற்றியிருந்தால், டீசல் பம்ப் கடையில் உள்ள சோதனைக் கருவியில் அழுத்தமும் தெளிப்பும் பார்த்துப் பொருத்துவது நல்லது. இன்ஜெக்டர் தெளிப்பின் முன் விரலை நீட்டிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலை அது.

பேட்டரியும் ஒயரிங்கும்

முழு சார்ஜ் உள்ள நல்ல 12 வோல்ட் பேட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே பல மாதம் கிடந்த பேட்டரி பெரும்பாலும் மீளாது. டீசல் எஞ்சினுக்கு வேகமான சுழற்சி தேவை. காற்றை அமுக்கி உண்டாகும் வெப்பத்தாலேயே டீசல் தீப்பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்த வெப்பம் சுவர்களில் கசிந்துவிடும். ஆகவே பேட்டரி சரியில்லாத வண்டியில் டீசல் பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

புதிய பேட்டரி போட்டும் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனைகளையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பொருத்த வேண்டும். நின்ற வண்டிகளில் இந்தச் சிறு வேலை பல பெரிய செலவுகளைத் தவிர்த்துள்ளது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக உள்ளது.

எலி கடித்த ஒயர்களை வெறும் டேப் சுற்றி விடாமல், வெட்டி, சாலிடர் செய்து, உறை மாட்ட வேண்டும். ஃப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். அந்த இடத்தில் கம்பி சுற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

டாட்டா மொபைல் 206 போன்ற, முன்னறை வகை எஞ்சின் கொண்ட வண்டிகளில் ஹீட்டர் பிளக் உண்டு. நேரடித் தெளிப்பு வகை எஞ்சின்கள் பலவற்றில் அது இல்லை. ஹீட்டர் பிளக் பழுதானால், காலையில் நெடுநேரம் சுற்றிய பின்னரே வெண்புகையுடன் எஞ்சின் எழும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்யும் முன், எஞ்சினை எப்படி நிறுத்துவது என்பதை உறுதி செய்ய வேண்டும். பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் தீப்பொறி நின்றுவிடும். டீசல் எஞ்சினில் தீப்பொறியே இல்லை; டீசல் வரத்தை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். பல ஆண்டு நின்ற பம்பில், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் என்ற தண்டு துருவால் ஒரே நிலையில் சிக்கியிருக்கலாம். முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், எஞ்சின் பிடித்தவுடன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி, சில நொடிகளில் உடைந்து சிதறும் அபாயம் உண்டு.

இதைத் தவிர்க்க, ஸ்டாப் லீவரைக் கையால் அசைத்து அது தடையின்றிப் போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாப் கேபிள் இறுகியிருந்தால் எண்ணெயிட்டு விடுவிக்க வேண்டும். அத்துடன், காற்று இழுக்கும் வாயை மூடக்கூடிய தட்டையான பலகை ஒன்றைக் கையருகே வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரையும் நிறுத்த வேண்டும். வேகம் கட்டுமீறினால் பலகையால் அந்த வாயை அடைக்க வேண்டும்; காற்றில்லாமல் எஞ்சின் அடங்கும். கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது.

பிறகு ஸ்டாப் நிலையில் வைத்தபடியே, அதாவது டீசல் போகாமல், 10 நொடி வீதம் இடைவெளி விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். ஆயில் விளக்கு அணைந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பின்னரே உண்மையான ஸ்டார்ட்.

பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வாயில் காட்டி எஞ்சினைப் பிடிக்க வைப்பது பழைய வழக்கம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அந்த ஆவி காற்றுக் குழாயிலேயே வெடிக்கலாம். பேட்டரி வேகம், ஏர், கம்ப்ரஷன் என்ற மூன்றும் சரியாக உள்ள எஞ்சினுக்கு அந்தத் துணி தேவைப்படாது.

எஞ்சின் எழுந்தபின் புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும்:

வெண்புகை: எரியாத டீசல். சூடானதும் மறைந்தால் கவலையில்லை. சூடான பின்னும் இனிப்பு வாசனையுடன் நீடித்தால் கூலண்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

நீலப்புகை: ஆயில் எரிகிறது. ஒட்டிய ரிங்குகள் சில நாள் ஓட்டத்தில் விடுபட்டு இது குறையக்கூடும். குறையாவிட்டால் ரிங் தேய்மானம் அல்லது வால்வு சீல் பழுது.

கரும்புகை: காற்றுக்கு மிஞ்சிய டீசல். அடைத்த ஏர் ஃபில்டர், சொட்டும் இன்ஜெக்டர், அளவு தவறிய பம்ப் ஆகியவை காரணங்கள்.

குளிர்விப்பு அமைப்பு

ரேடியேட்டரில் வெறும் கிணற்று நீரையோ போர் நீரையோ ஊற்றிவந்த வண்டிகளில் சுண்ணாம்பும் துருவும் படிந்திருக்கும். தெளிந்த நீர் வரும்வரை கழுவி, ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, கனிமம் நீக்கிய நீரும் கூலண்டும் தயாரிப்பாளர் கூறும் விகிதத்தில் நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் நீர் உறைவதில்லை என்றாலும் கூலண்ட் தேவையே. அது துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் தவறானது. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் டீசல் அரைகுறையாக எரிந்து ஆயிலைக் கெடுக்கும். ரேடியேட்டர் மூடியும் முக்கியமானது. வளிமண்டலத்தைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காவிட்டால், நல்ல எஞ்சினும் மேட்டில் கொதிக்கும்.

பிரேக்

மீட்புப் பணியில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது. பெடல் கெட்டியாக இருப்பதைக் கொண்டு பிரேக் நன்றாக உள்ளதென முடிவு செய்யக் கூடாது. துருவில் சிக்கிய வீல் சிலிண்டரும் பெடலைக் கெட்டியாகவே காட்டும். நான்கு டிரம் அல்லது டிஸ்க்கையும் திறந்து, வீல் சிலிண்டர், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்களை மாற்ற வேண்டும். உட்புறம் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். அப்போது பிரேக் பிடித்தபின் விடாது.

டாட் 3 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு, புதியதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ்; ஈரம் ஏறியபின் 140 பாகை. மலையிறக்கத்தில் சுமையுடன் தொடர்ந்து பிரேக் அழுத்தினால் ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கிவிடுவதால், பெடல் தரைவரை போயும் வண்டி நிற்காது. நின்ற வண்டியின் பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றச் சொல்வது இதனால்தான்.

டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனி வேக்குவம் பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டருடன் இணைந்திருக்கும். எஞ்சின் ஓடாவிட்டால் பூஸ்டர் உதவி கிடைக்காது. ஆகவே எஞ்சின் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது பிரேக் மிகக் கடினமாக இருக்கும்.

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் ஆகியவற்றுக்கு அவை ஏற்றவை. பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் புதிதாகவே வாங்க வேண்டும்.

கிளட்ச், சக்கரம், பட்டை

கிளட்ச் பிளேட் பிளைவீலில் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், பெடலை அழுத்தினாலும் கியர் விழாது. பெடலை மரக்கட்டையால் அழுத்தி ஓரிரு நாள் வைத்தால் சில வேளைகளில் விடுபடும். இல்லையெனில் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

டயரின் வயதை அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் கூறும். 2316 என்றிருந்தால், 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் ஆழமாக இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்புக் கண்ட பழைய டயரைச் சரக்கு வண்டியில் பயன்படுத்தக் கூடாது. ஸ்டெப்னியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸ், கிரவுன் ஆயில்களை மாற்றி, வீல் பேரிங்குகளைக் கழுவிப் புதிய கிரீஸ் வைத்து, ஜாயிண்டுகளுக்கும் பட்டைப் பின்களுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். டை ராட் முனைகளில் ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தாலும் சுமை ஒரு பக்கம் சாயும்.

சாலைக்கு வருமுன்: ஆவணங்கள்

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கட்டாயம். பதிவாகி 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்கிறது. மாசுச் சான்றும் வேண்டும்.

சும்மா அடுத்த தெரு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பதும் இச்சட்டத்தின் பார்வையில் ஓட்டுவதே. காப்பீடில்லாத வண்டியால் ஒருவர் காயப்பட்டால், இழப்பீட்டை உரிமையாளரே தம் கையிலிருந்து தர நேரிடும். ஆகவே முதல் ஓட்டங்களைத் தோட்டம், களம் போன்ற சொந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோக, மற்றொரு வண்டியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

நம்பகத்தன்மையைச் சோதித்தல்

ஒரு முறை ஓடிய வண்டி நம்பத்தக்க வண்டி ஆகிவிடாது. படிப்படியாகச் சோதிப்பதே முறை.

முதல் படி: நின்ற இடத்திலேயே, கண்காணிப்புடன் அரை மணி நேரம் ஓட விடுதல். வெப்பமானி, ஆயில் விளக்கு, கசிவுகள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சொந்த இடத்தில் நடைவேகத்தில் நகர்த்தி, பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்தல். ஓட்டிய பின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று வெப்பத்தை உணர வேண்டும். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அந்தப் பிரேக் பிடித்தபடியே உள்ளது அல்லது பேரிங் கெட்டுள்ளது.

மூன்றாம் படி: ஆவணங்கள் முடிந்தபின், வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வெறும் வண்டியாகச் சில நாள் ஓட்டுதல்.

நான்காம் படி: பாதிச் சுமையுடன் 20, 30 கிலோமீட்டர். அதன் பின் முழுச் சுமை. பதிவுச் சான்றில் உள்ள எடைக்கு மேல் ஏற்றுவது எந்நிலையிலும் கூடாது.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் டீசல் ஃபில்டரை மறுபடி மாற்ற வேண்டிவரும். டேங்க் சுவரில் ஒட்டியிருந்த கசடு அப்போதுதான் கழன்று வரும். எஞ்சின் ஆயிலையும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவது நல்லது. தேதி, ஓடிய தூரம், ஊற்றிய ஆயில், கூலண்ட் அளவு, செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். கூலண்ட் மாதந்தோறும் கால் லிட்டர் குறைகிறது என்பதை நினைவு மறந்துவிடும், எழுத்து காட்டிக்கொடுக்கும். ஒரு மாத காலம் எதையும் கூட்டாமல், எதையும் இறுக்காமல் வண்டி ஓடினால், அதை நம்பி வெளியூர்ச் சவாரி ஒப்புக்கொள்ளலாம்.

மீண்டும் நிறுத்த நேர்ந்தால்

வண்டியை மறுபடி சில மாதம் நிறுத்த நேர்ந்தால், டேங்கை நிரப்பி வைக்க வேண்டும். காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி வைக்கலாம். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இழுத்தே வைத்தால் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால் பயனில்லை. எரிப்பில் உண்டாகும் நீராவி எஞ்சினுக்குள்ளேயே குளிர்ந்து தங்குவதால் தீமையே மிகும். மாதம் ஒருமுறை, எஞ்சின் முழு வெப்பத்துக்கு வரும்படி அரை மணி நேரம் ஓட்டுவதே சரி. ஆயில் எங்கும் பரவி, பிரேக் அசைந்து, கிளட்ச் விடுபட்டு, பேட்டரியும் ஏறிவிடும்.